அமெரிக்கத் தொழிலாளியின் வேலைக்கு உத்தரவாதம் ஏது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "அங்கே கேட்டவனுக்கெல்லாம் வேலை கிடைக்கிறதாமே? தொழிலாளிகூட கார் வைத்திருக்கிறானாமே? பிறகு எதற்காக அந்த முதலாளித்துவத்தை நீங்கள் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதற்குக் கோஷத்தால் அல்ல, கணக்கைக் காட்டித்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.

2023 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 3.4 சதவீதம். 1969-க்குப் பிறகு இவ்வளவு குறைந்த அளவை அந்த நாடு கண்டதில்லை. இந்தக் கணக்கு பொய் என்று நாம் சொல்லப் போவதில்லை. இருப்பதை இல்லை என்று சொல்வதால் தொழிலாளி வர்க்கத்துக்கு ஒரு லாபமும் இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. வேலை இருக்கிறது, சரி. அது நாளைக்கும் இருக்குமா? இருக்கும் அல்லது இருக்காது என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அமெரிக்க முதலாளித்துவத்தின் அடிவயிறு நமக்குத் தெரியும்.

கணக்கு எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் அந்த விகிதத்தையே பார்ப்போம். அமெரிக்க அரசாங்கம் மாதந்தோறும் சுமார் 60,000 குடும்பங்களை விசாரித்து இந்தக் கணக்கைப் போடுகிறது. விசாரிக்கும் வாரத்தில் ஒருவன் கூலிக்கு ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவன் வேலையில் இருப்பவன். முழுநேர வேலை தேடி அலைந்து, கிடைக்காமல், ஓட்டலில் இரண்டு வேளை தட்டுக் கழுவுகிறவனும் வேலையில் இருப்பவன்தான். கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருந்தால்தான் ஒருவன் வேலையில்லாதவன். தேடித் தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவன் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவனையும் அரைகுறை வேலைக்காரனையும் சேர்த்து இன்னொரு கணக்கும் அதே அரசாங்கம் வெளியிடுகிறது. அது முதல் கணக்கைவிட எப்போதும் மிக அதிகமாகத்தான் இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பில் அது வருவதில்லை.

நமது விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நடவுக்குப் பத்து நாள், அறுப்புக்குப் பத்து நாள் வேலை கிடைத்தவனைப் பார்த்து "உனக்கு வேலை இருக்கிறது" என்று சொன்னால் அவன் சிரிப்பான்.

இன்னொன்றும் அந்த விகிதத்தில் தெரியாது. கறுப்பின மக்களிடையே வேலையின்மை, வெள்ளையரிடையே உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும், பல பத்தாண்டுகளாக இது பெரிதாக மாறவில்லை.

ஒரே மாதத்தில் இரண்டு கோடி

2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது நடந்ததைப் பாருங்கள். அந்த ஒரு மாதத்தில் அமெரிக்காவில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வேலைகள் பறிபோயின. வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது. நோய் உலகம் முழுவதும் பரவியது உண்மை. ஆனால் இவ்வளவு பேரை இவ்வளவு வேகமாக வீதிக்கு அனுப்ப எப்படி முடிந்தது?

முடிந்ததற்குக் காரணம் அந்த நாட்டுச் சட்டம். அமெரிக்காவில் 50 மாநிலங்கள். அவற்றில் மாண்டானா ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொது விதி இதுதான்: முதலாளி ஒரு தொழிலாளியை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே நீக்கலாம். நிறம், மதம், பால் ஆகியவற்றுக்காக நீக்கக் கூடாது, சங்கம் சேர்த்ததற்காக நீக்கக் கூடாது என்று சில தடைகள் உண்டு. ஆனால் காரணமே சொல்ல வேண்டியதில்லை என்கிறபோது உண்மைக் காரணத்தைத் தொழிலாளி எப்படி நிரூபிப்பான்? பெரும்பாலும் சங்கம் போட்ட ஒப்பந்தம் உள்ள இடத்தில்தான் "காரணம் சொல்" என்று முதலாளியைக் கேட்க முடியும்.

வேலை போனால் கூலி மட்டும் போவதில்லை. அமெரிக்க மக்களில் சுமார் பாதிப் பேருக்கு வைத்தியச் செலவுக்கான இன்சூரன்ஸ் வேலை மூலமாகத்தான் கிடைக்கிறது. கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது குழந்தையின் மருந்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வேலையில்லாக் கால நிவாரணம் உண்டு. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புளோரிடாவில் வேலையின்மை குறைவாக உள்ள காலங்களில் அது 12 வாரத்தோடு நின்றுவிடும். தொகை வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர். இதை நம்மூர் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கக் கூடாது. அங்கே வாடகையும் டாலரில்தான், மருந்தும் டாலரில்தான்.

ஒரு ஆலை நகரத்தின் கதை

ஆலைத் தொழிலாளத் தோழர்களே, உங்கள் தொழிலிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறோம்.

வடகரோலினா மாநிலத்தில் கன்னாபோலிஸ் என்று ஒரு ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேனன் என்ற ஆலை முதலாளி குடும்பம் உண்டாக்கிய ஊர் அது. துவாலை, படுக்கை விரிப்பு நெய்வது தொழில். ஆலையும் முதலாளியுடையது. தொழிலாளி குடியிருந்த வீடும் முதலாளியுடையது. தகப்பன் வேலை செய்த தறியில் மகனும் வேலை செய்தான். 1980-களில் ஆலை ஒரு முதலாளி கையிலிருந்து இன்னொரு முதலாளி கைக்குப் போயிற்று. புதிய முதலாளி தொழிலாளரின் ஓய்வூதிய நிதியைக் கலைத்து, அந்தப் பொறுப்பை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் கட்டினார். 1991-ல் அந்தக் கம்பெனி நொடித்தது. வாழ்நாள் முழுவதும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தில் வெட்டு விழுந்தது.

அந்த ஆலையில் சங்கம் வைக்கத் தொழிலாளர்கள் கால் நூற்றாண்டு போராடினார்கள். 1974-லிருந்து பல தடவை ஓட்டெடுப்பு நடந்தது, பல தடவை தோற்றார்கள். கடைசியில் 1999-ல் ஜெயித்தார்கள். ஆனால் அதற்குள் ஆலை பில்லோடெக்ஸ் என்ற கம்பெனி கைக்கு வந்திருந்தது. அது ஆலைக்கு மேல் ஆலையாகக் கடனில் வாங்கிக் குவித்த கம்பெனி. 2003 ஜூலை 30 அன்று கதவு மூடப்பட்டது. வடகரோலினாவில் மட்டும் சுமார் 4,800 பேர் வேலை இழந்தார்கள். அந்த மாநிலம் அதுவரை காணாத ஆட்குறைப்பு அது.

பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எதிர்பாராத நிலைமை என்று காரணம் காட்டினால் முதலாளி அந்த அறுபது நாளையும் குறைத்துக்கொள்ளலாம். தொழிலாளிக்கோ தறியைத் தவிர வேறு தெரியாது. பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். ஐம்பது வயதில் போய்ப் புதுத் தொழில் கற்றுக்கொள் என்றார்கள்.

ஆலை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஆராய்ச்சிக் கூடங்கள் எழுந்தன. கேனன் என்ற பெயர் மட்டும் விலைக்குப் போயிற்று. வேறு நாட்டில் நெய்த துவாலையின் மேல் அந்தப் பெயரைத் தைத்து விற்றார்கள். முதலாளித்துவக் கணக்கில் பெயருக்கு விலை உண்டு, அந்தப் பெயரை உண்டாக்கிய கைகளுக்கு விலை இல்லை!

இது ஒரு ஊரோடு முடிந்த விஷயமல்ல. 1979-ல் அமெரிக்க ஆலைகளில் சுமார் 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2010 தொடக்கத்தில் அது சுமார் 1 கோடியே 15 லட்சம். அதே முப்பதாண்டில் நாட்டின் ஜனத்தொகை எட்டு கோடிக்கு மேல் பெருகியது. ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரத்தில் 1977 செப்டம்பர் 19 அன்று ஒரு உருக்காலை மூடல் அறிவிக்கப்பட்டது. சுமார் 5,000 பேரின் வேலையைப் பறித்த அந்த நாளை ஊர் மக்கள் இன்றும் "கறுப்புத் திங்கள்" என்றே சொல்கிறார்கள்.

பருத்திக் காட்டிலிருந்து

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, ஆலைக்கு வரும் பருத்தியை எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

1944-ல் மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் ஊருக்குப் பக்கத்தில் ஹாப்சன் தோட்டத்தில், விதைப்பு முதல் எடுப்பு வரை முழுவதும் யந்திரத்தாலேயே நடந்த பருத்தி விளைச்சல் எடுக்கப்பட்டது. ஒரு யந்திரம் சுமார் 50 பேரின் வேலையைச் செய்தது. வாரம் செய்து பிழைத்த கறுப்பினக் குடும்பங்களைப் பண்ணை முதலாளிகள் மூட்டை கட்டச் சொன்னார்கள். 1940-க்கும் 1970-க்கும் இடையே சுமார் 50 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டுச் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் மற்ற நகரங்களுக்கும் போனார்கள். நிறவெறிக் கொடுமையிலிருந்து தப்பவும் போனார்கள், வயிற்றுக்காகவும் போனார்கள்.

போன இடத்தில் என்ன நடந்தது? அவர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் டெட்ராய்ட் கார் ஆலைகளில் தானியங்கி யந்திரங்கள் நுழைந்தன. புதிய ஆலைகள் வேறு ஊர்களில் கட்டப்பட்டன. 1947-க்கும் 1963-க்கும் இடையே டெட்ராய்ட் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆலை வேலைகளை இழந்தது. கடைசியாக வேலைக்கு வந்தவன் முதலில் வெளியே போனான். காட்டில் யந்திரம் துரத்தியது. ஆலைக்கு ஓடி வந்தால் அங்கேயும் யந்திரம் துரத்தியது.

யந்திரமா குற்றவாளி? இல்லை. முதுகு ஒடியப் பருத்தி எடுப்பதில் ஒரு பெருமையும் இல்லை. யந்திரம் வந்தால் உழைக்கும் நேரம் குறைய வேண்டும், கூலி உயர வேண்டும். அதற்குப் பதிலாக ஆள் குறைகிறானே, ஏன்? யந்திரம் முதலாளியின் சொத்தாக இருக்கிறது, அதனால்தான்.

இந்த மக்களைச் சட்டமும் கைவிட்டது. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு முக்கியமான சட்டங்கள் வந்தன. ஒன்று சங்கம் சேரும் உரிமையைத் தந்தது. மற்றது வேலையில்லாக் கால நிவாரணத்தையும் முதியோர் ஓய்வூதியத்தையும் தந்தது. இரண்டிலும் விவசாயத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரர்களும் விலக்கப்பட்டார்கள். தெற்கே இந்த வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். இரண்டாவது சட்டம் பிற்காலத்தில் ஓரளவு திருத்தப்பட்டது. சங்கச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளிக்கு இன்றுவரை இடமில்லை. கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965-ல் தொடங்கி ஐந்து ஆண்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களும் மெக்சிகோக்காரர்களும் சேர்ந்து நின்றார்கள். அதன் பிறகுதான், 1975-ல், அந்த ஒரு மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது.

கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டம்

தோழர்களே! எல்லோருக்கும் நிரந்தர வேலை தர அமெரிக்காவால் முடியாதா? செல்வத்தில் குறைவா? இல்லை. அப்படித் தந்துவிட்டால் முதலாளியின் கையிலுள்ள சவுக்கு போய்விடும்.

1867-ல் மார்க்ஸ் மூலதனம் நூலின் முதல் பாகத்தில் இதை விளக்கினார். வேலையில்லாதோர் பட்டாளம் முதலாளித்துவத்துக்குத் தற்செயலாக வந்த நோயல்ல. அது அதற்குத் தேவையான சேமப் பட்டாளம். இதை நாம் புத்தகத்தில் படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. கேட்டுக்கு வெளியே நூறு பதிலிகள் காத்து நின்றால், உள்ளே இருக்கிறவன் கூலி உயர்வு கேட்க யோசிக்கிறான். வெளியே நிற்பவனின் பசி உள்ளே இருப்பவனின் வாயை அடைக்கிறது.

அமெரிக்க அரசாங்கம் இதை ஒளிக்கக்கூட இல்லை. 2022-ல் விலைவாசி ஏறியது. அப்போது வேலையின்மை 3.5 சதவீத அளவில் இருந்தது. தொழிலாளிகள் கொஞ்சம் தலை நிமிர்ந்து, கூலி போதாது என்று வேறு வேலைக்கு மாறத் தொடங்கினார்கள். உடனே அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு மேல் போயிற்று. 2022 செப்டம்பரில் வங்கி அதிகாரிகள் வெளியிட்ட மதிப்பீட்டிலேயே, அடுத்த ஆண்டு வேலையின்மை 4.4 சதவீதமாக உயரும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது சுமார் 15 லட்சம் பேர் கூடுதலாக வேலை இழப்பார்கள் என்று தெரிந்தே அந்தப் பாதையில் இறங்கினார்கள். அந்த ஆண்டு அவ்வளவு உயரவில்லை என்பது வேறு விஷயம். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே மருந்தைக் கொடுத்தபோது, 1982 முடிவில் வேலையின்மை 10.8 சதவீதத்துக்குப் போயிற்று.

விலை ஏறினால் யார் லாபத்தைக் குறைப்பது என்று கேட்பதில்லை. யாருடைய வேலையைப் பறிப்பது என்றுதான் கணக்குப் போடுகிறார்கள்.

பெயர் மாறிய தினக்கூலி

இப்போது புது முறை ஒன்று வந்திருக்கிறது. டெலிபோனில் அழைத்தால் வண்டி வருகிறது, சாப்பாடு வருகிறது. ஓட்டுகிறவன் கம்பெனியின் தொழிலாளி அல்லவாம், அவன் "சுயேச்சையான ஒப்பந்தக்காரன்"! வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விபத்தும் அவனுடையது. கட்டணத்தைத் தீர்மானிப்பது மட்டும் கம்பெனி. கலிபோர்னியா மாநிலம் இவர்களைத் தொழிலாளி என்று ஏற்கச் சட்டம் செய்தது. உடனே கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் பிரச்சாரத்தில் கொட்டி, 2020 நவம்பரில் ஒரு ஓட்டெடுப்பு நடத்தி, அந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்கொண்டன. விடிந்ததும் சந்தியில் போய் நின்று, யார் கூப்பிடுவார்கள் என்று பார்க்கிற தினக்கூலி முறை இது. சந்தி மட்டும் டெலிபோனுக்குள் போய்விட்டது.

படித்தவனும் தப்பவில்லை. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனிகள் அல்ல இவை. உலகத்திலேயே பெரிய லாபம் பார்க்கிற கம்பெனிகளின் வரிசையில் இருப்பவை. இங்கிருந்து விசா வாங்கிப் போன நமது பிள்ளைகள் பலர் இந்த வேலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை போனால் 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

யாருக்கு யார் பகை?

கன்னாபோலிஸ் தொழிலாளியிடம் அங்குள்ள முதலாளிப் பத்திரிகைகள் சொல்வது என்ன? "உன் வேலையை இந்தியாக்காரனும் சீனாக்காரனும் பாகிஸ்தான்காரனும் பறித்துக்கொண்டான்" என்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவில் ஒன்பது லட்சம் பேர் ஆடை தைத்தார்கள். இப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அந்தத் துணி இன்று திருப்பூரிலும் டாக்காவிலும் தைக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தொழிலாளியின் கூலி நம் தொழிலாளியின் கைக்கு வந்ததா? வரவில்லை. இரண்டு கூலிக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரக் கம்பெனிகளின் பெட்டிக்குள் போயிற்று.

பிறகு வேலைகளைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டார்கள். திருப்பூரில் ஆர்டர் நின்றது, ஷிப்டு குறைந்தது. ஆனால் கன்னாபோலிஸில் இடித்த ஆலை எழுந்துவிட்டதா? ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! கடல் கடந்த தொழிலாளி நமக்குப் போட்டிக்காரன் அல்ல. ஒரே கயிற்றின் இரண்டு முனையில் கட்டப்பட்டவர்கள் நாம்.

சங்கம் இருந்த அளவுக்கே பாதுகாப்பு

அமெரிக்கத் தொழிலாளி சும்மா இருந்தவனல்ல. 1933-ல் நான்கு பேருக்கு ஒருவர் வேலையில்லாமல் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1930 மார்ச் 6 அன்று, கம்யூனிஸ்டுகளின் தலைமையில் லட்சக்கணக்கான வேலையில்லாதவர்கள் நகரம் நகரமாக ஊர்வலம் வந்தார்கள். 1935-ல் வந்த சட்டங்கள் அந்தக் கொந்தளிப்பின் பலன். பிளின்ட் நகரத்துக் கார் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே 44 நாள் உட்கார்ந்து, 1937 பிப்ரவரியில் சங்க அங்கீகாரம் பெற்றார்கள்.

அதன் பிறகுதான் அடி விழுந்தது. 1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. நான் கம்யூனிஸ்டு அல்ல என்று சங்கத் தலைவர்கள் பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்றது. 1949-50-ல் இடதுசாரித் தலைமையில் இருந்த 11 சங்கங்கள் மத்திய ஸ்தாபனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டன. துணிந்து போராடியவர்களை வெளியே தள்ளிய வீடு பலவீனமாயிற்று. 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, ஜனாதிபதி ரீகன் 11,000-க்கு மேற்பட்டவர்களை ஒரேயடியாக நீக்கினார். அரசாங்கமே செய்கிறது, நாம் ஏன் செய்யக் கூடாது என்று முதலாளிகள் துணிந்தார்கள். 1950-களில் மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தான். 2024-ல் பத்தில் ஒருவன்கூட இல்லை. மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 முதல் அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2022-ல் நியூயார்க்கில் ஒரு அமேசான் கிடங்கில் தொழிலாளர்கள் ஓட்டெடுப்பில் ஜெயித்துச் சங்கம் கண்டார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று கார் தொழிலாளர் சங்கம் மூன்று பெரிய கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலை நிறுத்தம் தொடங்கி, சுமார் ஆறு வாரம் நின்றது. 25 சதவீதக் கூலி உயர்வு பெற்றது. அதைவிட முக்கியம், அந்த ஆண்டு பிப்ரவரியில் இல்லினாய்ஸ் மாநிலத்து பெல்விடியரில் மூடப்பட்ட ஆலையைத் திறக்கிறோம் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கியது. கம்பெனி இழுத்தடித்தது. சங்கம் விடவில்லை. 2027-ல் உற்பத்தி தொடங்குவோம் என்று 2025-ல் கம்பெனி மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதைச் செய்ய வைக்கவும் அதே சங்கம்தான் வேண்டும்.

நம் வாசலில்

தோழர்களே, இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? இங்கேயும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவரத்தான் முதலாளிகள் துடிக்கிறார்கள். 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும் என்று நம்முடைய பழைய சட்டத்தில் இருந்தது. 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த 100-ஐ 300 ஆக்கிவிட்டது. 299 பேர் வேலை செய்யும் ஆலைக்குப் பூட்டுப் போட இனி எவரையும் கேட்க வேண்டாம். இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள். அந்தச் சீர்திருத்தத்தை முற்றாகச் செய்துமுடித்த நாடு எப்படி இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.

ஆகவே நமக்கு முன்னுள்ள வேலை தெளிவானது. நிரந்தரத் தொழிலாளி மட்டும் இருக்கும் சங்கம் பாதிச் சங்கம். பதிலியையும், காண்ட்ராக்ட் தொழிலாளியையும், வட மாநிலத்திலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கியிருப்பவனையும் சேர்த்தால்தான் கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டம் முதலாளியின் பட்டாளமாக இருக்காது, நம்முடைய பட்டாளமாக மாறும். கிராமத்தில் அறுவடை யந்திரம் இறங்கினால் அதைக் கல்லெறிந்து விரட்டுவதல்ல, வருஷம் முழுவதும் வேலை, கட்டுபடியாகும் கூலி என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் பேரால் கேட்பதுதான் வழி.

அடுத்த ஷிப்டு மாறும்போது, பக்கத்துத் தறியில் நிற்கும் பதிலித் தோழனின் பெயரைக் கேட்டுச் சங்கச் சந்தாப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த களையெடுப்புக்குப் போகும்போது பக்கத்துத் தெருவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று ஒன்று இருக்குமானால் அது அங்கிருந்துதான் தொடங்கும்.